முன்விளக்கும் எதிர்வருவார் கண்ணும்

(போலகத்திலிருந்து ஒரு பழைய மாணாக்கன்)

இருளை அகற்றுவதே விளக்கின் தொழில் என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் வீட்டு விளக்கிற்கும் வண்டி விளக்கிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. வீட்டில் ஏற்றிய விளக்கு, ஏற்றினவனுக்கும் அருகிருப்பார்க்கும் ஒருங்கே பயன்படுகின்றது. வண்டியில் ஏற்றிய விளக்கோ, ஏற்றினவனுக்கு வழியைக் காட்டும் அந்நொடியிலேயே எதிரே வருவானுக்கு வழியை மறைத்துவிடவுங் கூடும். ஆதலின் வண்டி விளக்கைப் பற்றிப் பேசப் புகுவோன் இருவர் கண்களைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டவன் ஆகின்றான்.

நமது கல்லூரி மாணாக்கருள் பலர் இந்நாளில் பழைய கோலத்தில் அமைந்த புல்லட், கிளாசிக் முதலிய மோட்டார் சைக்கிள்களை விரும்புகின்றனர். அவற்றின் விளக்கொளி போதவில்லை என்றும், எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கி மாட்டினால் குறை தீருமா என்றும் என்னை வினவினோர் சிலர். அவர்கட்கு விடையாகவும், நான் செய்த பிழையைப் பிறர் செய்யாதிருத்தற் பொருட்டும் இக்கட்டுரையை வரைகின்றேன்.

எனது ஊராகிய போலகம் காரைக்கால் மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்தது. காரைக்காலினின்று நாகூருக்கும் நாகப்பட்டினத்திற்கும் செல்லும் நெடுஞ்சாலையே எமக்குப் போக்குவரவு வழி. பகலில் அச்சாலையிற் செல்வது இன்பமே; இரவில் அவ்வாறன்று. 2009-ஆம் ஆண்டில் வாஞ்சூர்ப் பக்கத்துக் காரைக்கால் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கனத்த லாரிகளின் நடமாட்டம் பெருகிற்று. அறுவடை நாட்களில் உழவர் நெல்லைச் சாலையோரத்தே உலர்த்தி, மாலையிற் குவித்து, கருந்தார்ப்பாய் போர்த்துக் கல் வைத்துச் செல்வர். அக்குவியல் அணுகி வருந்துணையும் கண்ணுக்குப் புலப்படாது. மழைக்காலத்தில் மாடுகள் ஈரம் படாத தார்ச்சாலையிலேயே படுத்துறங்கும். ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் கொடியேறி, செப்டம்பர் 8-ஆம் நாள் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவிற்காக வடக்கிலிருந்து பாதயாத்திரையாக வருவோர் காவியுடை தரித்து இரவும் பகலுமாக இவ்வழியே நடந்து செல்வர். இத்தகைய சாலையில் நல்ல விளக்கு வேண்டுமென்பதில் ஐயமில்லை.

என்னிடம் உள்ளது 2012-ஆம் ஆண்டில் வாங்கிய கிளாசிக் 350. குறுவை அறுவடைக் காலத்து இரவொன்றில் மூடிய நெற்குவியலொன்றின்மேல் ஏறி வீழ்ந்தேன். முழங்கையிற் காயம், வண்டிக்குச் சிறு சேதம். விளக்கு மங்கியதே காரணம் எனத் துணிந்து, மறுவாரமே விலை மலிந்த எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கி மாட்டினேன். சாலை பகல்போல் ஆயிற்று. இருமருங்கும் உள்ள மரக்கிளைகளும் வெளிச்சத்தில் நன்கு விளங்கின. மரக்கிளைகள் விளங்கினமையே பிழையின் அறிகுறி என்பதை அன்று நான் உணர்ந்திலேன்.

மூன்றாம் நாள் இரவு, எதிரே சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டே சாலையோரத்து வாய்க்காலில் வண்டியோடு இறங்கிவிட்டார். நல்ல வேளையாகத் தண்ணீர் முழங்காலளவே இருந்தது. ஓடிச்சென்று கைகொடுத்துத் தூக்கினேன். அவர் வைதிலர். வேட்டியைப் பிழிந்துகொண்டே, "ஒனக்கு வழி தெரியணும்னு என் கண்ணை அவிச்சுட்டியே, தம்பி" என்றார். அச்சொல் வசையினும் கடிதாகத் தைத்தது. அன்று தொட்டே இவ்விளக்கின் இயல்பை ஆராயலானேன்.

முதற்கண் வண்டியைப் பற்றிச் சிறிது கூறுவேன். புல்லட் என்னும் பெயரை இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 1930-களின் தொடக்கத்தில் வழங்கினர். 1955-ஆம் ஆண்டில் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் அவர்களோடு கூட்டுச்சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்பதை நிறுவினர். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆங்கில நாட்டில் அத்தொழில் மடிந்த பின்னும் இவ்வண்டி நம் தமிழ்நாட்டிலேயே உயிர்வாழ்ந்தது. 2013-இல் ஒரகடத்திலும் ஒரு தொழிற்சாலை திறக்கப்பெற்றது. பழைய உருவத்தைப் போற்றி அமைத்த கிளாசிக் என்னும் வகை 2009-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. வட்டமான முன்விளக்கும், அதன்மேற் கவிந்த தகட்டுத் தொப்பியும், இருபுறமும் 'டைகர் லாம்பு' எனப்படும் சிறு விளக்குகளுமே அதற்கு அழகு. 2024-இல் புதுப்பிக்கப்பெற்ற கிளாசிக் 350 எல்.இ.டி. முன்விளக்குடனேயே வெளிவந்தது. அதற்கு முற்பட்ட வண்டிகளில் இருப்பது எச்4 என்னும் ஹாலஜன் பல்பே. நம் ஆராய்ச்சிக்குரியது அதுவே.

எச்4 பல்பு 1971-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வழக்கிற்கு வந்தது. அதனுள் இரண்டு இழைகள் உண்டு. தொலைவு நோக்குதற்குரிய 'பிரைட்' இழை 60 வாட்டும், ஒளியைத் தாழ்த்துதற்குரிய 'டிம்' இழை 55 வாட்டும் மின்சாரம் உண்ணும். பல்பின் பின்னே ரிஃப்ளெக்டர் என்னும் பளபளப்பான கிண்ணம் இருக்கின்றது. அக்கிண்ணத்தின் குவியத்தில் ஒளி பிறப்பின், அவ்வொளி கிண்ணத்திற் பட்டு நேராக முன்னோக்கிச் செல்லும். பிரைட் இழை ஏறக்குறைய அவ்விடத்தே அமைந்துள்ளது. டிம் இழையோ குவியத்திற்குச் சற்று முன்னே வைக்கப்பட்டிருக்கின்றது. அங்குப் பிறக்கும் ஒளி கிண்ணத்தின் மேற்பாதியிற் பட்டால் கீழ்நோக்கித் திரும்பும். கீழ்ப்பாதியிற் பட்டால் மேல்நோக்கித் திரும்பும். மேல்நோக்கிய ஒளியே எதிர்வருவான் கண்ணைக் குத்துவது. இதனைத் தடுக்க, டிம் இழைக்குக் கீழே கரண்டி போன்றதொரு சிறு உலோகத் தகட்டை வைத்துக் கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாமலே மறைத்துவிட்டனர். நம் சுண்டுவிரல் நகத்தளவேயுள்ள அத்தகடு, எதிரே வரும் முதியவரின் கண்ணுக்குக் காவல்.

இனி எல்.இ.டி. என்பது யாது? அது சூடேறிச் சிவந்து ஒளிரும் இழையன்று. மின்சாரம் பாயுங்கால் நேரே ஒளியை உமிழும் திண்பொருட் சில்லு. நீல ஒளி தரும் சில்லு கிடைத்த பின்னரே வெள்ளொளி எளிதாயிற்று. நீலச் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சொன்றைப் பூச, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றும். அந்நீலச் சில்லைக் கண்டமைக்காக அக்காசாக்கி, அமானோ, நக்கமுரா என்னும் மூவர்க்கும் 2014-ஆம் ஆண்டில் பௌதிகத்திற்குரிய நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இதன் சிக்கனம் வியக்கத்தக்கது. எச்4 பல்பின் டிம் இழை 55 வாட்டு உண்டு ஏறக்குறைய 1000 லூமன் ஒளியே தருகின்றது. அஃதாவது வாட்டு ஒன்றுக்குப் பதினெட்டு லூமன். எல்.இ.டி.யோ அதனைப் போற் பன்மடங்கு தரவல்லது. ஐந்து ஆம்பியர் அளவில் மின்சாரம் உண்ட இடத்தில் இரண்டு ஆம்பியரே போதும், பேட்டரிக்கும் இளைப்பாறுதல்.

இவ்வளவு நலமுடைய பொருள் தீங்கு செய்வது எங்ஙனம்? விடை எளிது. ஒளியின் அளவு வேறு. ஒளி செல்லும் இடம் வேறு. நம் வண்டியின் கிண்ணம், மெல்லிய இழையொன்று குறித்த ஓரிடத்தில் இருக்கும் என்று எண்ணியே வடிக்கப்பட்டது. அந்த இடத்தில் தடித்த பலகையொன்றின் இருபுறமும் சில்லுகளை ஒட்டிய பல்பை நுழைத்தால், ஒளி பிறக்குமிடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினும் கதிர்கள் திசை மாறிவிடும். மலிந்த பல்புகளிற் சிலவற்றில் முற்கூறிய மறைப்புத் தகடே இராது; சிலவற்றில் பெயரளவில் இருக்கும். அவற்றின் ஒளி மேலும் கீழும் சிதறும். மரக்கிளைகளுக்கு வெளிச்சம் போனதன் காரணம் இதுவே. மரத்திற்குச் சென்ற ஒளி சாலைக்கு வந்ததன்று.

இதனால் ஓட்டுவோனுக்கும் முழு நன்மை இல்லை. அண்மையிலுள்ள சாலை மிகைபட ஒளிர்ந்தால் கண்ணின் பாவை சுருங்கும். அப்பாலுள்ள இருள் முன்னிலும் கரியதாகும். நெற்குவியல் இருப்பது அவ்விருளிலேதான். எதிரே வருவோன் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பேரொளி தாக்கிய கண் மீண்டும் இருட்டிற்குப் பழகச் சில விநாடிகள் செல்லும். முதியோர்க்கு அதனினும் மிகுதியாகச் செல்லும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கின்றது. மூன்று விநாடி கண்ணிழந்தால் நாற்பது மீட்டருக்கு மேல் குருடனாய்ச் செல்கின்றான் என்பது கணக்கு.

ஆதலின் புதிய பல்பு வாங்குமுன் செய்யத்தக்கன சில உள. முதலாவது, விளக்கின் கண்ணாடியை உள்ளும் புறமும் நோக்குக. கடற்காற்றின் உப்பும் புழுதியும் பூச்சிகளின் கறையும் படிந்திருப்பின் துடைக்குக. கிண்ணத்தின் பூச்சு கருத்தோ உரிந்தோ போயிருப்பின் எந்தப் பல்பும் பயன் தராது; கிண்ணத்தையே மாற்றல் வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம் பல்பு வரையில் குறையாமல் வந்து சேர்கின்றதா என்று காண்க. எஞ்சின் ஓடும்போது விளக்கைப் போட்டுவைத்து, மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் ஒருமுறையும் பல்பின் சாக்கெட்டில் ஒருமுறையும் வோல்ட்டை அளக்குக. பழைய வண்டிகளில் மின்சாரம் மெல்லிய கம்பி வழியே சாவி ஸ்விட்சிற்கும் கைப்பிடி ஸ்விட்சிற்கும் சென்று சுற்றி வரும். பச்சைக் களிம்பேறிய இணைப்புக்கள் இடையே அதனைத் தின்றுவிடும். ஹாலஜன் பல்பிற்கு வோல்ட்டு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு குறையும். இதற்கு மருந்து, பேட்டரியிலிருந்து தடித்த கம்பியொன்றை ஃபியூஸுடன் கொணர்ந்து, ரிலே என்னும் சிறு பெட்டியின் வழியே பல்பிற்கு மின்சாரம் ஊட்டுவதே. எர்த்துக் கம்பியையும் சுரண்டித் தூய்மை செய்தல் வேண்டும். என் வண்டியில் இவ்வளவும் செய்தபின், பழைய ஹாலஜன் பல்பே புத்துயிர் பெற்றதுபோல் ஒளிர்ந்தது. அன்று நான் நெற்குவியலில் வீழ்ந்ததற்குக் காரணம் பல்பன்று, களிம்பேறிய இணைப்பே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இதன் பின்னும் எல்.இ.டி. வேண்டுவோர் பின்வருவனவற்றைக் கருதுக. பல்பை வாங்குங்கால் பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்களை நம்பற்க. பழைய எச்4 பல்பை அருகே வைத்து ஒப்பிட்டு நோக்குக. சில்லுகள் இழையிருந்த அதே இடத்தில், அதே நீளத்தில் உள்ளனவா? பலகை மெல்லியதா? டிம் சில்லுகளின் கீழ் மறைப்புத் தகடு உண்டா? இம்மூன்றும் பொருந்தாததை வாங்கற்க. மாட்டுங்கால் மறைப்புத் தகடு கீழே இருத்தல் வேண்டும். சில்லுகள் இடமும் வலமும் நோக்க வேண்டும். பல்பு சற்றே திரும்பியிருந்தாலும் ஒளி கோணலாகும்.

எல்.இ.டி. சூடற்றது என்பர், அது பாதி உண்மையே. அதன் வெப்பம் முன்னே செல்லாமல் பின்னே தேங்குகின்றது. அதனைப் போக்கவே பல்பின் வாலில் சிறு விசிறியோ உலோகச் செதில்களோ வைத்துள்ளனர். நம் வண்டியின் விளக்குக் கூட்டிலே கம்பிகளும் இணைப்புக்களும் நெருங்கிக் கிடக்கின்றமையால் நீண்ட வாலுடைய பல்பு நுழையாது. நுழைந்தாலும் வெந்து சீக்கிரம் கெடும். வால் இடிக்கின்றதென்று பின்புறத்து ரப்பர் மூடியை அகற்றிவிடுவோர் உளர். அவ்வாறு செய்யின் நம் கடற்கரைக் காற்றின் உப்பு ஒரே மழைக்காலத்தில் கிண்ணத்தைக் கெடுத்துவிடும்.

மற்றொன்று: எல்.இ.டி.க்குப் பேட்டரியின் நேர்மின்சாரம் வேண்டும். எஞ்சினை மெல்ல ஓடவிட்டுப் பின் வேகத்தைக் கூட்டும்போது பழைய பல்பின் ஒளியும் உடன் ஏறி இறங்குமாயின், விளக்கு பேட்டரியைச் சாராது நேரே ஆல்டர்னேட்டரைச் சார்ந்திருக்கலாம். அவ்வண்டியில் மெக்கானிக்கைக் கொண்டு கம்பியமைப்பை மாற்றாமல் எல்.இ.டி. பொருத்தலாகாது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். 6000 கெல்வினுக்கு மேற்பட்ட நீலங் கலந்த வெள்ளை கடையிற் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். மார்கழிப் பனியிலோ அது கண்முன் வெண்திரை விரித்தாற்போல் தோன்றும். எதிர்வருவார்க்கும் உறுத்தல் மிகுதி. 4300 கெல்வினை ஒட்டிய இளமஞ்சள் வெள்ளையே நமக்கு ஏற்றது. ஈண்டுக் காரைக்காலார்க்கு ஒரு செய்தி சுவை தரும். 1954 நவம்பர் முதல் நாள் வரையில் நம் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர், தம் தாய்நாட்டில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து வண்டிகளின் முன்விளக்கு மஞ்சளொளியே தரவேண்டுமென விதித்திருந்தனர். கண்கூச்சம் குறையும் என்பதே அவர்கள் கருத்து. அதனால் விளைந்த நன்மை எவ்வளவு என்று பிற்காலத்தார் ஐயுற்றனர். 1993-இல் ஐரோப்பியப் பொதுவிதிக்கிணங்க அக்கட்டாயம் நீங்கிற்று. ஆயினும் எதிர்வருவோன் கண்ணையும் கருதியே அவ்விதி எழுந்தது என்பது குறிக்கத்தக்கது.

நம் நாட்டுச் சட்டமும் அதனையே கருதுகின்றது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106-ஆம் விதி, முன்விளக்கின் ஒளி எதிரில் நிற்பார் கண்ணைக் கூசச் செய்யாதவாறு நிலையாகக் கீழ்நோக்கித் தாழ்த்தப்பட்டிருத்தல் வேண்டும் என்று கூறி, 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அளவாக வைக்கின்றது. ஜெர்மனியில் 2020-ஆம் ஆண்டு முதல், சோதித்துச் சான்று பெற்ற எல்.இ.டி. பல்புகளை, அவை சோதிக்கப்பெற்ற வண்டி வகைகளில் மட்டும் பொருத்த இசைந்துள்ளனர். ஒரு பல்பு நன்று அல்லது தீது என்று தனித்துக் கூற இயலாது. இப்பல்பு இக்கிண்ணத்தில் நன்றா என்றே வினவ வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது.

அச்சோதனையை ஒருவாறு நாமும் நம் வீட்டுச் சுவரிலே செய்யலாம். சமதரையில் சுவருக்கு நேரே 7.5 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்துக. டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுவோன் வண்டிமேல் அமர்ந்திருக்கட்டும். விளக்கின் நடு எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வுயரத்தில் சுவரிலே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழிக்குக. டிம் ஒளியைப் போட்டால், ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு தெளிவாகத் தோன்றுதல் வேண்டும். அது சுண்ணக் கோட்டிற்கு ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் கீழே இருத்தல் வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்னும் இச்சரிவின்படி, ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி நூறு மீட்டருக்கப்பால் தரையைத் தொடும். எல்லை மேலேறியிருப்பின் விளக்கைத் தாழ்த்துக. எல்லையே தோன்றாமல் சுவரெங்கும் வெண்மை பரவுமாயின் அப்பல்பு அவ்வண்டிக்கு ஆகாது. எவ்வளவு தாழ்த்தினும் பயனில்லை. அதனைக் கழற்றிவிடுவதே கடமை. பின்னே ஓராளை ஏற்றிச் செல்லுங்கால் வண்டியின் முன்புறம் உயர்ந்து ஒளியும் உயரும் என்பதையும் மறத்தலாகாது.

யான் முதலில் வாங்கிய பல்பு இச்சோதனையில் தோற்றது, அதனை உடைத்தெறிந்தேன். பன்னாள் ஹாலஜனோடும் ரிலேயோடும் நிறைவுற்றிருந்தேன். பின்னர்ச் சில்லமைப்பை ஒப்பிட்டு வாங்கிய வேறொன்று சுவரிலே தெளிந்த எல்லை காட்டிற்று. அதுவே இன்று என் வண்டியில் உள்ளது. மாட்டிய அன்றிரவே தம்பியை வண்டிமேல் அமர்த்தி, யான் சைக்கிளேறி எதிரே வந்து பார்த்தேன். வண்டி வருவது தெரிந்தது. என் காலடிச் சாலையும் தெரிந்தது. அதன் பின்னரே மனம் அமைதியுற்றது.

முந்திய பல்போடு ஒப்பிட்டால் இதன் ஒளி அடக்கமானது. மரக்கிளைகள் இப்போது தெரிவதில்லை. ஆயினும் நெற்குவியல் முன்னதாகவே தெரிகின்றது. மாணாக்க நண்பர்காள், புதிய பல்பு மாட்டுவீராயின், ஒருமுறை வண்டியினின்று இறங்கி எதிரே நடந்து வந்து நும் விளக்கை நீரே நோக்குமின். அங்கு நின்று காணும்போது கண் கூசுமாயின், அவ்விளக்கு இன்னும் சாலைக்குத் தகுதி பெறவில்லை என்று அறிக.